பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்: துப்பாக்கியை உடம்புக்குப் பொருத்துதலும் பெல்லட் தேர்வும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ரேஞ்சுக்குப் புதிதாக வருபவர்களும், ஓராண்டு பயிற்சி முடித்துச் சொந்தத் துப்பாக்கி வாங்கியவர்களும், பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இங்கே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். அளவுகள் வலது கைக்காரருக்குச் சொல்லப்பட்டவை. இடது கைக்காரர்கள் திசைகளை மாற்றிக்கொள்ளவும்.

1. பத்து மீட்டர்னா எங்கிருந்து எங்க வரைக்கும்? நடுவுல இருக்கிற புள்ளி எவ்வளவு பெருசு?

சுடும் கோட்டிலிருந்து கார்டின் (குறி அச்சிட்ட அட்டையின்) முகம் வரை 10 மீட்டர். குழலின் முனை கோட்டைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் தவறில்லை. கார்டின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். வீட்டில் கார்டு மாட்டுபவர்கள் தவறவிடுவது இந்த உயரத்தைத்தான். பத்து செ.மீ. தாழ்வாக மாட்டிவிட்டுப் பழகினால் உடம்பு அந்தக் கோணத்துக்குப் பழகிவிடும். பிறகு ரேஞ்சில் எல்லாமே மேலே இருப்பதுபோலத் தோன்றும்.

பத்தாம் வளையம் 0.5 மி.மீ. புள்ளி, பேனா முனையால் வைத்த அளவுதான். ஒன்பதாம் வளையம் 5.5 மி.மீ., அதற்குப் பிறகு வளையத்துக்கு 5 மி.மீ. கூடி, ஒன்றாம் வளையம் 45.5 மி.மீ. வரை போகும். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பகுதியின் விட்டம் 30.5 மி.மீ.

2. 10.0 அடிச்சாலும் பத்து, 10.9 அடிச்சாலும் பத்து. அப்புறம் எதுக்கு இவ்வளவு நுணுக்கம்?

முன்பு அப்படித்தான் இருந்தது. 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா தகுதிச் சுற்றில் எடுத்தது 600க்கு 596. 2012 லண்டனில் வெண்கலம் வென்ற, சென்னையில் பிறந்த ககன் நரங் எடுத்தது 598. இரண்டுமே முழு எண்களில். 2013 முதல் தகுதிச் சுற்றிலும் தசமப் புள்ளி கணக்காகிறது. 60 குண்டுகளுக்கு உச்சம் 654.0.

கணக்கு இப்படி. பெல்லட்டின் (ஏர் ரைஃபிளில் போடும் சிறு ஈயக் குண்டின்) விட்டம் 4.5 மி.மீ. அதன் மையம் கார்டின் மையத்திலிருந்து 0.25 மி.மீ.க்குள் இருந்தால் 10.9. ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 குறையும். 2.5 மி.மீ. விலகினால் 10.0. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 0.1 புள்ளி என்பது கால் மில்லிமீட்டர். கீழே வரும் பதில்கள் பலவும் இதை வைத்துத்தான் நிற்கின்றன. ஒரு மாற்றம் எத்தனை மி.மீ. கொடுக்கும் என்று தெரிந்தால், அதற்குப் பணமும் நேரமும் செலவிடலாமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

3. லைசென்ஸ் வேணுமா?

2016 ஆயுத விதிகளின்படி, .177 காலிபருக்கு (4.5 மி.மீ.) மேற்படாத, முனை ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் சுமார் 7.5 ஜூல்தான். ஆனாலும் பேருந்திலும் ரயிலிலும் மூடிய பெட்டியில்தான் கொண்டுபோகவேண்டும். கூடவே பில்லின் நகலும் கிளப் அடையாள அட்டையும் இருக்கட்டும்.

உரிமம் தேவையில்லை என்பதால் இது விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது. 7.5 ஜூல் ஒரு கண்ணைப் போக்கப் போதும். வீட்டில் சுடுவதானால் இரும்பால் செய்த பெல்லட் டிராப் (குண்டைத் தடுத்துப் பிடிக்கும் பெட்டி) வேண்டும், அதன் பின்னால் யாரும் நடமாடாத சுவர் வேண்டும், பக்கவாட்டில் திறக்கும் கதவு ஒன்றுகூட இருக்கக்கூடாது.

4. முதல் துப்பாக்கி ஸ்பிரிங் போதுமா, இல்ல சிலிண்டர் வெச்சதுதான் வாங்கணுமா?

ஓபன் சைட் (துளையில்லாத, திறந்த குறிபார்ப்பான்) பிரிவில் தொடங்குபவருக்கு ஸ்பிரிங் துப்பாக்கி போதும். பீப் சைட்டுக்கு (சிறு துளை வழியே குறிபார்ப்பது) போகப்போகிறீர்கள் என்றால் ஸ்பிரிங்கில் பணம் போடவேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்குள் பிஸ்டன் ஓடி முட்டி, துப்பாக்கியே முன்னும் பின்னும் அசைந்துவிடும். அதைப் பிடிக்கிற விதமே வேறு. அந்தப் பழக்கத்தைப் பின்னால் மறக்கவேண்டியிருக்கும்.

பட்ஜெட் குறைவு என்றால் பழைய சைடு லீவர் துப்பாக்கி ஒன்றைத் தேடுங்கள். ஃபைன்வெர்க்பாவ் 600 வரிசை, ஆன்ஷுட்ஸ் 2002 போன்றவை ஒரே இழுப்பில் காற்றை அழுத்தி வைத்துக்கொள்பவை. ஒவ்வொரு முறையும் அதே அளவு காற்று என்பதால் வேகம் மாறாது, சிலிண்டர் நிரப்பும் தொல்லையும் இல்லை. சீல் மட்டும் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்: லீவரை இழுத்து மூடி ஐந்து நிமிடம் கழித்துச் சுட்டால் குண்டு வழக்கமான இடத்திலேயே விழவேண்டும். கீழே இறங்கினால் காற்று கசிகிறது. நின்று சுடும்போது ஒவ்வொரு குண்டுக்கும் லீவரை இழுப்பது உடம்பைக் கலைக்கும் என்பதுதான் இவற்றின் ஒரே குறை.

5. துப்பாக்கி வந்தாச்சு. ஏகப்பட்ட ஸ்க்ரூ இருக்கு. எதுல ஆரம்பிக்கிறது?

ஜாக்கெட், பேன்ட், ஷூ, கையுறை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். டி-ஷர்ட்டில் பொருத்திய துப்பாக்கி ஜாக்கெட் போட்டதும் நீளமாகிவிடும். ஒரு நோட்டும், ஆலன் கீயும், மில்லிமீட்டர் ஸ்கேலும் பக்கத்தில் இருக்கட்டும். கை வைப்பதற்கு முன் இப்போது இருக்கிற எல்லா அளவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். பட் பிளேட் (பின்கட்டையின் முடிவில் தோளில் பதியும் தட்டு) கம்பியில் மெல்லிய மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைப்பது பின்னால் மிகவும் கைகொடுக்கும்.

முதலில் பட்டின் (பின்கட்டையின்) நீளம். பட் பிளேட்டை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதை ட்ரிகரில் படவேண்டும். இது தொடக்க அளவுதான். நீளம் அதிகமானால் கண் பின் சைட்டை எட்ட கழுத்து முன்னால் நீளும், தோளும் இழுபடும். குறைவானால் வலது முழங்கை மடங்கி இறுகும், மூக்கு சைட்டில் இடிக்கும். அடுத்தது பட் பிளேட்டின் உயரம். பிளேட்டை ஏற்றினால் துப்பாக்கியின் பின்பக்கம் தோளில் இறங்கி முனை மேலே போகும், இறக்கினால் முனை கீழே வரும். பிளேட் மேலிருந்து கீழ்வரை தோளில் ஒட்டி உட்காரவேண்டும். நுனி மட்டும் படுகிறது என்றால் அதன் சாய்வைத் திருத்துங்கள்.

பிறகு முன்கை. இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்து, முன்கை செங்குத்தாகத் துப்பாக்கியின் எடையை எலும்பின் வழியே கீழே இறக்கவேண்டும். கை குட்டையானவர்களுக்குத் துப்பாக்கி கண் மட்டத்துக்கு எட்டாது. அவர்கள் முதுகை வளைத்து ஈடுகட்டப் பார்ப்பார்கள், இடுப்பு வலி அங்கேதான் தொடங்குகிறது. முன்கட்டைக்குக் கீழே உயரக்கட்டை வைத்து இடைவெளியை நிரப்புங்கள். விதிப்படி குழல் மையத்திலிருந்து முன்கட்டையின் அடி 120 மி.மீ.க்கு மேல் இறங்கக்கூடாது. கன்னக்கட்டையும் பின் சைட்டும் இதற்குப் பிறகுதான் (கேள்வி 6). ட்ரிகர் கடைசி (கேள்வி 12).

ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றிவிட்டு நாற்பது குண்டாவது சுட்டுப் பார்த்து எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகும்.

6. தலையைக் கொஞ்சம் சாய்ச்சு, கன்னத்தை அழுத்தினாத்தான் சைட் ஓட்டை தெரியுது. போகப் போகப் பழகிடுமா?

பழகிவிடும், அதுதான் பிரச்சனை. தலை சாய்ந்தால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்பும், ஆட்டம் கூடும். கண் புருவத்துக்கு அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கவேண்டி வந்தால் இருபதாவது குண்டிலேயே களைத்துப்போகும்.

தலையை நிமிர்த்தி, கண்ணை மூடி, கன்னத்தின் முழு எடையையும் கட்டையில் விடுங்கள். கண்ணைத் திறந்தால் பின் சைட்டின் துளைக்கு நடுவில் முன் வளையம் இருக்கவேண்டும். முன் வளையம் துளைக்குள் மேலே ஒதுங்கித் தெரிந்தால் கண் உயரத்தில் இருக்கிறது, கன்னக்கட்டையை இறக்குங்கள். கீழே ஒதுங்கினால் ஏற்றுங்கள். பக்கவாட்டுக்கும் இதே முறை. நிமிர்ந்த தலைக்கு எட்டும் அளவுக்குக் கன்னக்கட்டை ஏறவில்லை, அல்லது ஏற்றினால் சைட் கீழே போய்விடுகிறது என்றால் சைட் ரைசர் கட்டை போட்டு முன், பின் இரண்டு சைட்டையும் ஒரே அளவு உயர்த்துங்கள். கண்ணுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 5 முதல் 8 செ.மீ. இருந்தால் நல்லது.

7. எல்லாம் சரியா வெச்சாச்சு, ஆனா குரூப் வலது பக்கமே போகுது. சைட்டைத் திருப்பிடலாமா?

உடனே திருப்பாதீர்கள். குரூப் என்பது கார்டில் குண்டுகள் சேர்ந்து விழும் கூட்டம். குறிவைத்தபின் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, தசைகளைத் தளரவிட்டுத் திறந்து பாருங்கள். துப்பாக்கி இப்போது காட்டும் இடம்தான் உங்கள் உடம்பு இயல்பாகக் காட்டும் திசை. அது கறுப்புக்கு வலப்பக்கம் இருக்கிறது என்றால், இத்தனை நேரமும் தசையால் இடப்பக்கம் இழுத்துப் பிடித்துச் சுட்டிருக்கிறீர்கள். ட்ரிகர் விழும் நொடியில் தசை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், குண்டு வலப்பக்கம் போகும். சைட்டைத் திருப்பினால் இன்றைக்குச் சரியாகத் தெரியும். தசை களைத்ததும் வேறு இடத்துக்குப் போகும்.

திருத்தம் காலில்தான் இருக்கிறது. இடது காலை அசைக்காமல் வலது காலை நெஞ்சு பார்க்கும் பக்கம் நகர்த்தினால் முனை இடப்பக்கம் திரும்பும், முதுகுப் பக்கம் நகர்த்தினால் வலப்பக்கம். இரண்டு பாதங்களுக்கும் இடையே 40 செ.மீ. இருந்தால், 1 செ.மீ. நகர்வு இலக்கில் 25 செ.மீ. திருப்பும். ஆகவே காலைத் தூக்கி வைக்காதீர்கள், குதிகாலை மட்டும் இம்மி அளவு உருட்டுங்கள். மேலும் கீழுமான பிழைக்குப் பட் பிளேட்டையோ (கேள்வி 5) முன்கையின் இடத்தையோ மாற்றவேண்டும். முன்கையை ட்ரிகர் பக்கம் கொண்டுவந்தால் முனை ஏறும்.

கண் மூடித் திறந்து மூன்று முறையும் துப்பாக்கி கறுப்பிலேயே நின்றால், அதற்குப் பிறகும் குரூப் ஒதுங்கினால், அப்போது சைட்டைத் திருப்புங்கள்.

8. வெயிட் சேர்த்தா துப்பாக்கி ஆடாதாமே?

ஆட்டம் மெதுவாகும், இல்லாமல் போகாது. விதிப்படி உச்ச எடை 5.5 கிலோ. வயது வந்த பலருக்கும் 4.3 முதல் 4.8 கிலோவே போதும். 12, 13 வயதுப் பிள்ளைகளின் முதுகெலும்பு வளர்ந்துகொண்டிருக்கிறது. அவர்களுக்கு எடையைக் கழற்றுவது எப்படி என்றுதான் யோசிக்கவேண்டும்.

எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். குழல் முனையில் 50 கிராம் போட்டாலே முன்பாரம் நன்றாகத் தெரியும், முதுகு பின்னால் வளைந்து ஈடுகட்டும். பட்டில் போட்டால் பாரம் பின்னால் வரும், துப்பாக்கி துள்ளலாகத் தோன்றும். முழு உடையில், குண்டில்லாமல், நிமிடத்துக்கு ஒருமுறை என்று இருபது முறை தூக்கிக் குறிவைத்துப் பாருங்கள். பதினைந்தாவது முறைக்கு முன்பே இடது தோள் எரிந்தால் அந்த எடை உங்களுக்கு இன்னும் இல்லை.

9. முன் சைட் வளையம் எந்த சைஸ் போடணும்?

கணக்குப் போட்டே சொல்லலாம். கண்ணிலிருந்து முன் சைட் சுமார் 95 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 10 மீட்டரில் உள்ள 30.5 மி.மீ. கறுப்பு, முன் சைட் இருக்கும் இடத்தில் 2.9 மி.மீ. அளவாகத் தெரியும். 3.8 மி.மீ. வளையம் போட்டால் சுற்றிலும் 0.45 மி.மீ. வெள்ளை நிற்கும்.

புதியவர்களுக்கு 4.0 முதல் 4.4 வரை நல்லது. வளையம் சிறியதானால் ஆட்டம் பெரிதாகத் தெரியும். கறுப்பு விளிம்பைத் தொடும்போதெல்லாம் விரல் பயந்து அவசரப்படும். மார்க் ஏற வளையத்தைச் சிறிதாக்கச் சொல்பவர்கள் நிறையப் பேர். ஆனால் வெள்ளை நிறைய இருக்கும்போதுதான் கண் தானாக நடுவைக் கண்டுபிடிக்கிறது. பின் சைட்டின் ஐரிஸ் (கூட்டிக் குறைக்கக்கூடிய துளை) 1.0 முதல் 1.2 மி.மீ. வெளிச்சம் குறைந்த ரேஞ்சில் கொஞ்சம் திறந்துகொள்ளுங்கள். மூடாத இன்னொரு கண்ணுக்கு முன் 30 மி.மீ. அகல மறைப்பு போடலாம். கண்ணைச் சுருக்கி மூடினால் குறிபார்க்கும் கண்ணின் தசையும் சேர்ந்து இறுகும்.

10. ஜெர்மன் சைட்ல "எச்", "டி"ன்னு போட்டிருக்கு. மேல போகணும்னா எந்தப் பக்கம் திருப்பணும்?

பெரும்பாலான ஜெர்மன் சைட்டுகளில் அந்த எழுத்து நீங்கள் போகவேண்டிய திசையைச் சொல்வதில்லை, குண்டு ஏற்கெனவே விழுந்த இடத்தைச் சொல்கிறது. குண்டு மேலே விழுந்தால் "எச்" பக்கம் திருப்பவேண்டும், குண்டு கீழே இறங்கும். "டி" என்பது கீழே விழுந்த குண்டுக்கு. இது தெரியாமல் திருப்பி, குண்டு இன்னும் மேலே போய், பதற்றத்தில் மறுபடி அதே பக்கம் திருப்புவது புதியவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது.

எந்த சைட்டானாலும் ஒருமுறை சோதியுங்கள். ஐந்து குண்டு சுட்டு, 10 கிளிக் (சைட் திருகின் ஒவ்வொரு "டிக்" படியும் ஒரு கிளிக்) திருப்பி, மீண்டும் ஐந்து சுடுங்கள். இரண்டு குரூப் மையங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பத்தால் வகுத்தால் உங்கள் கிளிக்கின் அளவு கிடைக்கும். அதைச் சிறு சீட்டில் எழுதித் துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டுங்கள்.

11. துப்பாக்கியைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்ச்சுப் பிடிக்கிறேன். தப்பா?

தப்பில்லை. தலையை நிமிர்த்தி வைக்க அது உதவுகிறது என்றால் நல்லதே. ஒவ்வொரு குண்டுக்கும் அதே சாய்வாக இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

காரணம் இது. விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டருக்குள் சுமார் 17 மி.மீ. இறங்குகிறது. சைட் அந்த இறக்கத்துக்கு ஈடாகக் குழலை மேல்நோக்கி வைத்திருக்கிறது. துப்பாக்கி சாய்ந்தால் அந்த "மேல்" பக்கவாட்டுக்குத் திரும்பும். 5 பாகை சாய்வு மாறினால் குண்டு சாய்ந்த பக்கமாக 1.5 மி.மீ. போகும், அதாவது 0.6 புள்ளி. முன் சைட்டுக்குள் குறுக்குக் கோடுள்ள வளையம் போட்டால் சாய்வு கண்ணில் படும். போட்டிக்கு நடுவில் குரூப் மெல்ல மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது சாய்வைத்தான்.

12. ட்ரிகர் எவ்வளவு லேசா வைக்கணும்?

ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் என்ற குறைந்தபட்ச எடை உண்டு, ஏர் ரைஃபிளுக்கு அப்படி எதுவும் இல்லை. புதியவர்கள் 100 முதல் 130 கிராமில் தொடங்கலாம், தேர்ந்தவர்கள் பலர் 50, 60 கிராம் வரை போகிறார்கள்.

இரண்டு கட்ட ட்ரிகரில் முதல் கட்டம் விரலுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும். மொத்த எடையில் பெரும்பகுதியை முதல் கட்டத்துக்கும் மிச்சத்தை இரண்டாம் கட்டத்துக்கும் வைத்தால், முதல் கட்டம் முடிந்து விரல் தடைபடும் "சுவரை"த் தொட்டுக் காத்திருக்க முடியும். விரல் தொட்டதும் குண்டு போய்விடுகிறது என்றால் மிக லேசு. ஏசி ரேஞ்சில் விரல் மரத்துப்போகும், வீட்டில் சரியாக இருந்த 50 கிராம் அங்கே ஆபத்தாகும். பூட்டி நிறுத்தியபின் துப்பாக்கியின் பின்புறத்தை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள் (குண்டில்லாமல், முனை கார்டை நோக்கி). தானாக விழுந்தால் இரண்டாம் கட்டத்தின் பிடிப்பு போதவில்லை, உடனே கூட்டுங்கள்.

13. எந்த பிராண்ட் பெல்லட் பெஸ்ட்?

ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, ஹெச்&என் ஃபினாலே மேட்ச், ஜேஎஸ்பி மேட்ச், சியாங் யுவான் எல்லாமே உலகக் கோப்பைத் தரத்துக்குச் சுடக்கூடியவை. உங்கள் குழலுக்கு எது பொருந்துகிறது என்பதை எந்தப் பெயரும் சொல்லாது. தட்டை முகம் கொண்டதாக, ரைஃபிளுக்கான 0.53 கிராம் எடையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் முன்கூட்டியே சொல்ல முடியும். தட்டை முகம்தான் கார்டில் துல்லியமான வட்டமாக வெட்டும். கூர்முனைப் பெல்லட் காகிதத்தைக் கிழிக்கும், மார்க் பார்க்க முடியாது.

ஒரே பிராண்டின் இரண்டு டப்பாக்களுக்கு இடையே உள்ள வித்தியாசம், இரண்டு பிராண்டுகளுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கலாம். டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) பாருங்கள். அதுதான் நீங்கள் வாங்குகிற பொருளின் உண்மையான பெயர்.

14. 4.49, 4.50, 4.51ன்னு டப்பா மேல போட்டிருக்கே, எதை எடுக்கிறது? எப்படி டெஸ்ட் பண்றது?

அது பெல்லட் தலையின் விட்டம். குழலுக்கு மிகச் சிறியதானால் தள்ளாடிப் போகும், பெரியதானால் உள்ளே தள்ளும்போதே நசுங்கும். அளவுகோலால் தேர்வு செய்யமுடியாது, சுட்டுத்தான் பார்க்கவேண்டும்.

துப்பாக்கியைக் கட்டையிலிருந்து கழற்றி டெஸ்ட் வைஸில் (அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடிப்பது சிறந்த வழி. அது இல்லாவிட்டால் மேசையில் உட்கார்ந்து, முன்கட்டையை மணல்பையில் வைத்துச் சுடலாம். குழலை மட்டும் எதன்மீதும் சாய்க்காதீர்கள். புதிய லாட்டுக்கு மாறும்போது முதல் பத்து குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள், குழலுக்குள் படிந்திருக்கும் பழைய ஈயத்தின்மேல் புதியது படிய அத்தனை குண்டுகள் வேண்டும். அதன்பின் பத்துக் குண்டு குரூப் இரண்டு. ஐந்து குண்டு குரூப் அதிர்ஷ்டத்தைக் காட்டும், லாட்டைக் காட்டாது. எல்லா லாட்டையும் ஒரே நாளில், சிலிண்டரில் அழுத்தம் போதுமாக இருக்கும்போது சுடுங்கள். கடைசியில் முதல் லாட்டை மறுபடி சுட்டு, அதே அளவு வருகிறதா என்று சரிபாருங்கள். வராவிட்டால் நடுவில் ஏதோ தளர்ந்திருக்கிறது, முழுச் சோதனையும் செல்லாது.

குரூப்பின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து 4.5 மி.மீ. கழியுங்கள். வெளி அளவு 7 மி.மீ. என்றால் மையங்களின் பரவல் 2.5 மி.மீ. சைட் நடுவில் இருந்தால் பெரும்பாலும் எதுவும் 10.5க்குக் கீழே போகாது (கேள்வி 2). அப்படி ஒரு லாட் கிடைத்தால் ஆண்டுப் போட்டிகளுக்குத் தேவையானதை அதே லாட்டில் மொத்தமாக வாங்கிவையுங்கள். சைட்டர் (கணக்கில் சேராத முன்னோட்டக் குண்டுகள்) உட்பட போட்டிக்குச் சுமார் 90 குண்டு என்று கணக்கிடலாம். தினப் பயிற்சிக்கு மலிவான பெல்லட் போதும், போட்டிக்கு ஒரு வாரம் முன்பு மாறிக்கொண்டால் சரி.

15. ஒவ்வொண்ணா எடை போட்டுப் பிரிக்கணுமா?

வேண்டாம். மேட்ச் பெல்லட்டில் எடை 1 சதவீதம் மாறினால் வேகம் அரை சதவீதம்போல மாறும். 17 மி.மீ. இறக்கத்தில் அதன் விளைவு 0.2 மி.மீ.க்கும் குறைவு. அந்த ஒரு மணி நேரத்தைக் குண்டில்லாப் பயிற்சிக்குக் கொடுங்கள். எடைக்குப் பதிலாக பெல்லட்டின் பாவாடை (விரிந்த பின்பகுதி) விளிம்பைக் கண்ணால் பாருங்கள். வளைந்தது, வெட்டுப்பட்டது எல்லாம் சைட்டருக்குப் போகட்டும்.

16. நல்லா போய்க்கிட்டே இருக்கும், திடீர்னு ஒண்ணு 8க்குப் போகுது. துப்பாக்கி கோளாறா?

முதலில் பெல்லட்டை உள்ளே தள்ளும் விதத்தைப் பாருங்கள். பெல்லட் சரிந்திருக்கும்போது லீவரை மூடினால் பாவாடையின் ஓரம் சீவப்படும், அந்தக் குண்டு எங்கே போகும் என்று சொல்லமுடியாது. கட்டைவிரலால் நேராக, ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்துக்குத் தள்ளுங்கள். மூடும்போது லீவர் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தால் நிறுத்தித் திறந்து பாருங்கள்.

அடுத்து ஸ்க்ரூக்கள். பின் சைட்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள், முன் சைட்டையும். பிறகு குழலைக் கட்டையோடு சேர்க்கும் போல்ட். இந்த மூன்றும் இறுக்கமாக இருந்து, வைஸில் வைத்துச் சுட்டாலும் ஒரு குண்டு விலகினால் லாட்டை மாற்றுங்கள். வைஸில் விலகவில்லை என்றால் பதில் கேள்வி 7இல் இருக்கிறது.

17. குழலை எத்தனை நாளைக்கு ஒருமுறை துடைக்கணும்?

ஆயிரம் குண்டுக்கு ஒருமுறை போதும். ஃபெல்ட் பெல்லட் (துடைப்பதற்கான கம்பளித் துண்டு) இரண்டைச் சேர்த்துத் தள்ளிச் சுட்டு வெளியேற்றுங்கள், வெளியே வருவது வெளுக்கும்வரை. ஸ்பிரிங் துப்பாக்கியில் ஃபெல்ட்டைச் சுடக்கூடாது, எதிர்ப்பு இல்லாததால் பிஸ்டன் முட்டிச் சேதமாகும். அதில் கயிற்றால் இழுங்கள். இரும்புக் கம்பியைக் குழலுக்குள் விடவே விடாதீர்கள். துடைத்தபின் முதல் பதினைந்து குண்டு அலையும், எனவே போட்டிக்கு முந்தைய நாள் துடைக்கக்கூடாது. கடற்கரை ஊர்களில் வெளிப்புற இரும்பைத் தினமும் மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். கைவியர்வை ஒரே இரவில் துருவாகும்.

18. சிலிண்டர்ல எண்ணெய் போடலாமா? எதுல நிரப்பணும்?

சிலிண்டர் வாயிலும் வால்விலும் சாதாரண எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. 200 பார் அழுத்தத்தில் காற்று அடைபடும்போது சூடாகும், அதில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ், அதுவும் விரல் நுனியில் தொட்ட அளவு. டைவிங் சிலிண்டரின் உலர்ந்த காற்றைத்தான் பயன்படுத்தவேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் நிரப்பினால் வெடிக்கும், உயிர் போகும். வெல்டிங் கடையில் "இதுவும் காற்றுதான்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மெதுவாக நிரப்புங்கள். சீக்கிரம் நிரப்பினால் சூட்டில் 200 காட்டும், ஆறியபின் 180க்கு இறங்கும். மாறாக, 30 டிகிரியில் 200 பார் நிரப்பி, வெயிலில் மூடிய காருக்குள் விட்டால் 60 டிகிரியில் 220 பார் ஆகிவிடும். சிலிண்டர்மேல் உற்பத்தித் தேதியும் காலாவதியும் பொறித்திருக்கும். தேதி கடந்ததை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம்.

19. பையன் பெல்லட்டை வாயில வெச்சுக்கிட்டே சுடறான். ஒண்ணும் ஆகாதில்ல?

ஆகும், இன்றே நிறுத்துங்கள். பெல்லட் ஈயம். வளரும் பிள்ளைகளின் மூளைக்கு ஈயம் மிகக் குறைந்த அளவிலும் கெடுதி. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவியபின்தான் பிஸ்கட், தண்ணீர் எல்லாம். பெல்லட் டிராப்பைச் சுற்றியுள்ள தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பயிற்சி உடைகளைத் தனியாகத் துவைப்பதும் நல்ல பழக்கம்.

20. ஜாக்கெட் வாங்கினா மார்க் ஏறுமா?

ஏறும், முதுகைத் தாங்குவதால். ஆனால் தடிமன் ஒரு மடிப்புக்கு 2.5 மி.மீ.தான், ஷூவின் அடிப்பாகம் 10 மி.மீ., கையுறை 12 மி.மீ. இதைத் தாண்டினால் சோதனையில் திருப்பி அனுப்புவார்கள். வளரும் பிள்ளைக்கு விலையுயர்ந்த ஜாக்கெட் வேண்டாம், ஒரே ஆண்டில் சிறிதாகும். புது ஜாக்கெட் வந்ததும் கேள்வி 5ஐ முதலிலிருந்து செய்யவேண்டும்.

21. பயிற்சில 618 வருது, மேட்ச்ல 606. பெல்லட்டை மாத்தணுமா, துப்பாக்கியை மாத்தணுமா?

60 குண்டுக்கு 12 புள்ளி என்றால் குண்டுக்கு 0.2, அதாவது அரை மில்லிமீட்டர். பொருளிலும் தேடலாம், ஆனால் வரிசைப்படி தேடுங்கள். முதலில் போட்டி கார்டின் அச்சை எடுத்து, பத்துப் பத்தாகப் பிரித்துப் பாருங்கள். ஆறு வரிசையிலும் குரூப் ஒரே அளவில் இருந்து மையம் மட்டும் ஒதுங்கியிருந்தால் அது சைட். அந்த ரேஞ்சின் வெளிச்சம் வேறாக இருந்திருக்கும், சைட்டர் நேரத்தில் நீங்கள் கிளிக் திருப்பத் தயங்கியிருப்பீர்கள். முதல் இருபது நன்றாக இருந்து, பிறகு குரூப் மேலும் கீழுமாக நீண்டால் களைப்பும் எடையும் (கேள்வி 8). குண்டுகள் படிப்படியாகக் கீழே இறங்கினால் சிலிண்டர் அழுத்தத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் சாய்வு அல்லது கால் (கேள்வி 11, 7).

முதல் வரிசையே மோசமாகி, கடைசி வரிசைகள் நன்றாக இருந்தால் அது பதற்றம். போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது, அதற்கு முன் சைட்டருக்கு 15 நிமிடம். பயிற்சியிலும் ஒருநாள் விட்டு ஒருநாள் கடிகாரம் வைத்து அதே வரிசையில் சுடுங்கள்: 15 நிமிடம் சைட்டர், பிறகு எண்ணப்படும் 60. முதல் பத்துக் குண்டின் மொத்தத்தை மட்டும் தனியாக நோட்டில் எழுதிவாருங்கள். அந்த எண் 101ஐ ஒட்டி நிலையாக நிற்கும்வரை துப்பாக்கியிலும் பெல்லட்டிலும் கை வைக்கவேண்டாம்.